ரத்தம் சொன்னதும் வேலுச்சாமி சொன்னதும்

நான் வேலை செய்யும் இடத்துக்கு நோயாளிகள் வருவதில்லை. அவர்களுடைய ரத்தம் மட்டும் வரும். நெதர்லாந்தின் வடக்கில் ஒரு சிறிய ஊர். பனிப்பெட்டிகளில் விரல் நீளக் குப்பிகள் வந்து இறங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டியிருக்கும். பெயரோ ஊரோ முகமோ இருக்காது. பெரும்பாலும் பக்கவாதம் வந்த முதல் நாளில் எடுத்த ரத்தம். மூளையின் நரம்புகள் சிதையும்போது ஒரு புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. இதயம் திணறும்போது இன்னொரு புரதம் கூடுகிறது. இவற்றை அளந்து, யார் எவ்வளவு தேறுவார்கள், யாருக்கு மறுபடி சிக்கல் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்ப்பது என் வேலை.

மதுரையில் ஒரு மருத்துவமனையும் இந்த ஆய்வில் இருக்கிறது. அங்கிருந்து வந்த குப்பிகளில் ஒன்றில் இதயப் புரதம் மிக அதிகமாக இருந்தது. அப்படி இருந்தால் அந்த ஆளின் இதயம் அவ்வப்போது தாளம் தப்பித் துடிக்கிறதா, அங்கே உறைந்த ரத்தம்தான் மூளைக்குப் போய் அடைத்ததா என்று பார்க்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரை இருக்கிறது. விட்டுவிட்டால் இரண்டாவது அடைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். மதுரை டாக்டருக்கு எழுதினேன். "ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. போடிப் பக்கத்து ஆள்" என்று பதில் வந்தது.

ஒரு புதிய கருவியைப் பழக்கிக் கொடுக்க நான் எப்படியும் மதுரைக்கு வர வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும், அந்த ஆளைத் தேடிப் போகும் நர்சோடு நானும் போகட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"ரத்தம் அளக்கிறவங்க ஆளைப் பார்க்கப் போறத இப்பதான் கேள்விப்படுறேன்" என்றார். பிறகு, "அளவு எதையும் சொல்லாதீங்க. பரிசோதனைக்கு வரச் சொல்லுங்க, போதும்" என்றார்.

ஏன் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

*

முதல் நாள் போடி பஸ்ஸில் மடியில் வெள்ளைப் பனிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் அதையே பார்த்தார்.

"பெட்டிக்குள்ள மீனா? நாறுச்சுன்னா எறக்கி விட்ருவேன்."

"ஆஸ்பத்திரிப் பெட்டிண்ணே. சும்மாதான் இருக்கு" என்றாள் சகாயமேரி. அவள்தான் ஆய்வு நர்ஸ். சொந்த ஊர் தேவாரம். முப்பது வயது இருக்கும். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். போன வாரம் யானை இறங்கி அவள் அப்பாவின் சோளத்தை முடித்துவிட்டுப் போன கதையை, சொந்தக்காரர் வந்து சாப்பிட்டுப் போன கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பாதி வழியில் டயர் போயிற்று. எல்லோரும் இறங்கி ஒரு புளியமர நிழலில் நின்றோம். நான் இருக்கும் ஊரில் ரயில் இரண்டு நிமிடம் தாமதமானால் எல்லோரும் ஒரு சொல் பேசாமல் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே அரைமணி நேரத்துக்குள் இரண்டு கல்யாணப் பேச்சும் ஒரு மூட்டுவலியும் எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டன. ஒரு பெண் கொய்யாப்பழத்தை உப்பு மிளகாய்ப்பொடியோடு கையில் வைத்தாள். தின்னும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் என்று அவள் நினைத்திருப்பாள். வாய்விட்டுத் தமிழ் பேசாமல் வாரக்கணக்கில் இருந்து பழகியவளுக்கு, சுற்றிலும் இத்தனை பேர் ஒரே நேரத்தில் தமிழில் பேசுவது தாங்க முடியாத ஒன்றாக இருந்தது.

போடியில் விடுதி அறைக்குப் பின்புறம் மலை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே பாதி மேகம். அந்தி வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இறங்கிப்போய் நாலு புரோட்டா சாப்பிட்டேன். கடைக்காரர் கேட்காமலே மறுபடி சால்னா ஊற்றினார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

*

மறுநாள் காலை சிலமலைக்குப் போனோம். எங்கள் ஆளின் பெயர் வேலுச்சாமி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. போடியிலிருந்து விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயந்தரம் இறக்கிக் கொண்டுவரும் ஜீப் டிரைவர். சொந்த ஜீப்.

வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் தார்ப்பாய் போர்த்திய ஜீப்பு. எதிர்வீட்டுப் பெண் சாணிக் கையோடு வந்தாள்.

"அவுக இங்கிட்டு இல்லாத்தா. அவரு சம்சாரம் ஈஸ்வரி ஏலக்காய் எடுக்க மலைக்குப் போறா. இவர ஒத்தையில விட்டுட்டுப் போக முடியுமா? கூடவே கூட்டிட்டுப் போயிட்டா. அங்கனயே தோட்டத்து ஆளுக தங்குற லயத்து வீட்ல இருக்காக."

"போன் எடுக்க மாட்டேங்குறாங்களே?" என்றாள் சகாயமேரி.

"அங்க டவர் இல்ல. இருந்தாலும் ஆஸ்பத்திரி நம்பருன்னா எடுக்க மாட்டா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு மாசம் கழிச்சு வரச் சொன்னாகன்னு போனாகள்ல? அங்க ஒரு சின்ன டாக்டரு, இனிமே வண்டி ஓட்டுறத மறந்துருங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாராம். மனுசன் ரெண்டு நாளு சோறு திங்கல. அன்னைக்குப் போட்டாக ஆஸ்பத்திரிக்கு முழுக்கு."

காலை ஜீப்புகள் எல்லாம் போய்விட்டிருந்தன. அந்த நாள் அப்படியே போயிற்று. போடியில் ஒரு கடைக்குள்ளே பெண்கள் உட்கார்ந்து ஏலக்காயைப் பருமன் பார்த்துப் பிரிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சல்லடையைவிடக் கண் வேகமாகப் பிரிக்கிறது. நானும் தினமும் செய்வது இதைத்தான். தேறுகிறவர் இந்தப் பக்கம், தேறாதவர் அந்தப் பக்கம். வேலுச்சாமியின் நரம்புப் புரதமும் எனக்குத் தெரியும். அதுவும் அதிகம்தான். அவர் எந்தப் பக்கம் என்று என் கணினி ஏற்கெனவே சொல்லியிருந்தது.

*

மூன்றாம் நாள் விடியலில் சின்னப்பாண்டி என்பவர் ஓட்டிய ஜீப்பில் ஏறினோம். பனிப்பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டோம். எடுத்த ரத்தத்தைச் சீக்கிரமே சுழற்றிப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். மலையில் அதற்கு வழியில்லை. ஆளைத்தான் கீழே கொண்டுவர வேண்டும்.

பின்னால் இரண்டு பக்கமும் பெண்கள், நடுவில் தூக்குவாளிகள். என்னை இடித்துத் தள்ளி ஒரு இடம் செய்து கொடுத்தார்கள். வளைவுக்கு வளைவு எல்லோரும் ஒரே உடம்பாகச் சாய்ந்தோம். மேலே போகப்போக மூடுபனி. ஒரு வளைவில் மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. அதை அறுத்து எடுக்கும்வரை எல்லோரும் இறங்கி நின்றோம். யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பேச்சியம்மா என்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு அடுத்த வளைவுலதான் தாயி. எறங்கி வர்றோம். பதினாலு பேரு பின்னால. அண்ணன் வலது கை தொப்புன்னு விழுந்துருச்சு. எடது கையாலயே ஸ்டேரிங்க ஒடிச்சு, மலைப்பக்கமாக் கொண்டுபோய் மோதி நிப்பாட்டிட்டாரு. அங்கிட்டுப் போயிருந்தா எங்க எலும்பக்கூடப் பொறுக்கியிருக்க மாட்டாக."

"அப்புறம்?"

"எறங்கிப் பாக்குறோம், வாய் கோணியிருக்கு. என்னண்ணேங்குறோம். 'போலாம், போலாம்'ங்குறாரு. வண்டிய எடுக்கணுமாம்! கையைப் புடிச்சு எறக்குறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிருச்சு. அதுக்குப் பொறகு அந்த ஒத்தச் சொல்லத் தவிர வேற சொல்லு வரல. தண்ணி கேட்டாலும் போலாம், சோறு வேணாம்னாலும் போலாம்."

முன்னாலிருந்து சின்னப்பாண்டி சொன்னார்: "எனக்கு ஸ்டேரிங் புடிச்சுக் கொடுத்ததே அண்ணந்தான். அன்னைக்கு அவர மதுரைக்குக் கொண்டுபோனது நான். எப்பிடிப் போனேன்னு எனக்கே தெரியல." அவர் அவ்வளவு வெரசாகக் கொண்டுபோனதால்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது என்று சகாயமேரி என் காதில் சொன்னாள்.

மேலே கேரள எல்லை தாண்டியதும் பலகைகளில் எழுத்து மலையாளமாக மாறியது. பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. அடித்தூரிலிருந்து சரம்சரமாகக் காய் மண்ணில் படர்ந்து கிடக்கும். அதனால் எடுப்பவர்கள் குனிந்தோ உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆளே தெரியாது. செடிகள் மட்டும் அசையும். தோட்டத்துச் சூப்பர்வைசர் தோமாச்சன் மலையாளத்தில், முதலில் சாப்பிடுங்கள், விஷயம் எங்கேயும் ஓடிப்போகாது என்றார். அவித்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் பால் விடாத கட்டஞ்சாயாவும் வந்தன. அந்தக் குளிரில் அந்தக் காரம் காது வரைக்கும் ஏறிற்று.

ஈஸ்வரி இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் மண்ணாக வந்தாள். மெலிந்த, வேகமான பெண். காய் உலர்த்தும் கட்டடத்தின் வாசலுக்கு எங்களைக் கூட்டிப்போனாள். அங்கே தரையில் உட்கார்ந்து வேலுச்சாமி இடது கையால் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெடித்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். வலது கை மடியில் மூடிக் கிடந்தது. பெரிய மீசை. எங்களைப் பார்த்து, "போலாம்" என்றார், வாங்க என்பதுபோல.

மாதக்கணக்காக நான் எண்ணாக அறிந்திருந்த மனிதர்.

சகாயமேரி பேசினாள். நானும் ஈஸ்வரியிடம் பேசினேன். ஒரு பரிசோதனை, முக்கியம், டாக்டர் வரச் சொன்னார். ஈஸ்வரி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வந்தா என்ன சொல்லுவீக? கை வராது, பேச்சு வராதும்பீக. அதக் கேக்கவா இம்புட்டுத் தூரம் எறங்கி வரணும்? நீங்க ரத்தம் பாக்குறவுகன்னு இந்தப் புள்ள சொல்லுது. ரத்தத்துல என்ன இருக்கு? இப்பச் சொல்லுங்க."

"டாக்டர்தான் சொல்லணும்…" என்று இழுத்தேன்.

"தெரிஞ்சும் சொல்ல மாட்டீக."

வேலுச்சாமி எழுந்தார். வலது காலை இழுத்து நடந்து பாதை வரைக்கும் போய், கீழே கையைக் காட்டினார். "போலாம்."

"வர்றேங்குறாரா?" என்றேன், ஆசையோடு.

"இது வேற போலாம்" என்றாள் ஈஸ்வரி. "உங்களப் போகச் சொல்றாரு."

சாயந்தர ஜீப்பில் நாங்கள் மட்டும் இறங்கினோம். பெண்கள் களைத்து ஒருவர் தோளில் ஒருவர் தூங்கினார்கள். எல்லோர் கையிலும் ஏலக்காய் வாசம்.

போடியில் இறங்கியதும் டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இதய விஷயத்தை நீங்களே சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க."

"மற்றது? அந்த நரம்புப் புரதம்?"

"மற்றது எனக்கே தெரியாது. உங்களுக்கும் தெரியாது. உங்க கணினி ஆயிரம் பேரைப் பார்த்துட்டுப் பேசுது. அது அந்த மலையில உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளைப் பார்த்ததில்ல."

*

நான்காம் நாள் தனியாகப் போனேன். சகாயமேரி போடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் சுழற்றும் கருவிக்குச் சொல்லி வைக்கிறேன் என்று தங்கிவிட்டாள். அவளுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

ஈஸ்வரி செடிகளுக்குள் எங்கோ இருந்தாள். வேலுச்சாமி அதே இடத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நேத்து நான் உங்ககிட்டப் பேசல. உங்கள உட்கார வச்சுட்டு உங்க வீட்டம்மாகிட்டப் பேசினேன். தப்பு."

அவர் நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"எங்கப்பாவுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு."

யாரிடமும் முழுசாகச் சொல்லாததை அந்த மனிதரிடம் சொன்னேன். கரூர் பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை சரியாக ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்வார். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு சொல்கூட வரவில்லை. அண்ணன் போனை அவர் காதில் வைப்பான். எனக்கு அவர் மூச்சு மட்டும் கேட்கும். நான் ஏதேதோ பேசுவேன். தேறிவிடுவார் என்று நினைத்தேன். தேறுவதைப் பற்றித்தானே என் படிப்பு. பொங்கலுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன். பொங்கலுக்கு முன்பே இரண்டாவது அடைப்பு வந்து அவரைக் கொண்டுபோயிற்று. பிறகுதான் பழைய மருத்துவச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். ஒரு டாக்டர் துடிப்பு சரியில்லை, பார்க்கவும் என்று எழுதியிருந்தார். யாரும் பார்க்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"உங்க ரத்தத்துல, உங்க நெஞ்சு திணறுதுன்னு தெரியுது. அது தாளம் தப்பி அடிச்சா மறுபடி வரும். அதுக்கு மாத்திரை இருக்கு. கைக்கும் பேச்சுக்கும் நான் ஒண்ணும் சொல்ல வரல. எனக்குத் தெரியாது. இது ஒண்ணுதான் தெரியும்."

வேலுச்சாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தன் முன்னால் இருந்த சாயா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்தேன். அவர் ஒரு பிடி ஏலக்காயை எடுத்து, தரையில் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினார். வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து. பாதிக்கு மேல்தான் எனக்குப் புரிந்தது. மலைப்பாதை. ஒரு வளைவில் வெடித்த காய் ஒன்றை வைத்தார்.

"அன்னைக்கு நடந்த எடம்."

"போலாம்" என்றார். ஆமாம் என்ற போலாம். பிறகு இடது கையை நெஞ்சில் வைத்து, பிடித்த கோழி உதறுவதுபோல விரல்களைப் படபடவென்று அடித்துக் காட்டினார்.

"நெஞ்சு அடிச்சுச்சா? அன்னைக்கா?"

தலையாட்டினார். பாதையின் மேலேயும் கீழேயும், இங்கே, இங்கே, இங்கே என்று தொட்டுக் காட்டினார்.

"அதுக்கு முன்னாடியும்? எத்தன நாளா?"

இன்னொரு வரிசை வைத்தார். நாட்களா என்றேன். இல்லை. மாதங்களா என்றேன். "போலாம்." வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஒன்றரை வருடத்துக்கு மேல்.

"இப்பவும் அடிக்குதா?"

விரல்களை ஒருமுறை மட்டும் மெதுவாக அசைத்தார்.

எத்தனையோ கருவிகள், எத்தனையோ குப்பிகள். இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பேச்சில்லை என்பதால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பின்னால் ஈஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"பேச்சு இருந்தப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே!" சாக்கை அவிழ்த்து எறிந்தாள். "சொன்னா வண்டிய விட்டு எறக்கிருவேன்னுதான சொல்லல? பதினாலு பொம்பளைகள வச்சுக்கிட்டு…"

வேலுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மீசை நனைந்தது. ஈஸ்வரி நின்று திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே உள்ளே போய் அவருடைய சட்டையையும் மருந்துப் பையையும் எடுத்து வந்தாள். சட்டையை மாட்டிவிட்டாள். வலது கையை முதலில் நுழைத்து, பிறகு இடது கை. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

சாயந்தரம் சின்னப்பாண்டியின் ஜீப்பில் அவரை முன்னால் உட்காரவைத்தோம். நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய பலமில்லாத வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. இடது கையால் வண்டியின் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு முன்பே சாய்ந்தார். பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அந்த வளைவு வந்ததும் சின்னப்பாண்டி தானாகவே வண்டியை ஓரம் கட்டினார். பள்ளத்தில் வெயில் கீழே போடி வரைக்கும் விழுந்து கிடந்தது. வேலுச்சாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலை விற்றுவிட்டுக் கடைசியாக வரப்பில் நிற்கிறவர் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு அவரே போகச் சொன்னார்.

ஈஸ்வரி என் காதோரம் கேட்டாள். "நீங்க அவருகிட்டச் சொன்னதக் கேட்டேன். நெசமாவே பேச்சு வருமான்னு தெரியாதா, தெரிஞ்சு மறைக்குறீகளா?"

"கஷ்டம்னு ஒரு அளவு காட்டுதுக்கா. ஆனா அது வராதுன்னு சொல்லல. அதுக்கு மேல நான் சொன்னா பொய்."

"அது போதும். தெரியாதுன்னு இருக்குறதுலதான் நான் காலத்த ஓட்டுறேன். நல்லாத் தெரிஞ்சுபோச்சுன்னா என்னத்த வச்சு எந்திரிக்கிறது?" பிறகு தானாகவே சொன்னாள்: "முன்னாடி சாயந்தரம் வந்தா, வாசல்ல நின்னு சோறு ஆயிருச்சாம்பாரு. அதுக்கு நான் சள்ளுன்னு விழுவேன். இப்ப யாராச்சும் கேக்க மாட்டாகளான்னு இருக்கு."

போடியில் சகாயமேரி ரத்தம் எடுத்தாள். பாதியில் மின்சாரம் போய், கருவி நின்று, ஜெனரேட்டருக்காக அரைமணி நேரம் குப்பியைப் பனியில் வைத்துக்கொண்டு நின்றோம். முதல் தடவையாக நான் ஒரு குப்பியைக் கையில் வைத்திருக்கும்போது அதன் சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

*

ஐந்தாம் நாள் மதுரை. வேலுச்சாமியின் மார்பில், துடிப்பை நாள் கணக்கில் பதிவு செய்யும் சிறு கருவியை ஒட்டினார்கள். டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவரிடமே பேசினார். ஈஸ்வரி ஒரு துணிப்பையில் எனக்கு ஏலக்காய் கொடுத்தாள். அன்று மாலை நான் விமானம் ஏற வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் செய்தி வந்தது. கருவி ஒட்டிய மூன்றாம் நாள் விடியலில், அவர் தூக்கத்தில் இருக்கும்போது, இதயம் ஒருமணி நேரத்துக்கும் மேலாகத் தாளம் தப்பி ஓடியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு ஆய்வகத்தின் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பாவுக்காக அழுதேனா, வேலுச்சாமிக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் மாதங்கள் போயின. இரண்டாவது அடைப்பு வரவில்லை. மாதங்கள் கழித்து எடுத்த ரத்தம் என்னிடம் வந்தபோது இதயப் புரதம் நன்றாக இறங்கியிருந்தது. வலது கை இன்னும் திறக்கவில்லை. பேச்சில் இரண்டு சொற்கள் கூடியிருக்கின்றன என்று சகாயமேரி எழுதினாள். ஒன்று "இந்தா." இன்னொன்று ஒரு கெட்ட வார்த்தை. ஈஸ்வரிக்கு இரண்டிலும் சந்தோஷமாம்.

போன வாரம் சகாயமேரி ஒரு வீடியோ அனுப்பினாள். சிலமலைக்கு வெளியே மண்பாதையில் அந்த ஜீப்பு குதித்துக் குதித்து வருகிறது. ஓட்டுவது ஈஸ்வரி! சேலையை வரிந்து கட்டி, ஸ்டேரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் வேலுச்சாமி இடது கையால் முன்பலகையில் ஒரு தட்டு தட்டுகிறார். வண்டி நிற்கிறது. இரண்டு தட்டு. கியர் கிறீச்சிடுகிறது. அவர் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்ல, அவள் திருப்பித் திட்ட, படம் எடுக்கும் சகாயமேரியின் கை சிரிப்பில் ஆடுகிறது. கடைசியில் ஈஸ்வரி தலையை வெளியே நீட்டுகிறாள்.

"எப்ப வர்றீக? அடுத்த காய் எடுப்புக்குள்ள லைசென்சு வாங்கிருவேன். நானே மேல கூட்டிட்டுப் போறேன்."

வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. ஜன்னலில் மழை ஒழுகியது. அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, கணினியில் விடுப்புக் கேட்கும் பக்கத்தைத் திறந்தேன். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "எங்கே போகிறாய்?" என்று அவள் மொழியில் கேட்டாள்.

"ஊருக்கு" என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரியவில்லை. எந்த ஊரைச் சொன்னேன், கரூரையா சிலமலையையா என்று எனக்கும் உடனே விளங்கவில்லை.